போருக்குப் பின் பிரிட்டனில் ஒரு வானொலி நாள்



பொழுதுபோக்கு என்னும் சொல்லைக் கேட்டவுடன் ஆசிரியர் பலருடைய முகம் சற்றே சுருங்குவது இயல்பு. பொழுதைப் போக்குதல் என்றாலே பொழுதைப் பாழாக்குதல் என்று பொருள்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தராசின் ஒரு தட்டில் கல்வி, மறு தட்டில் கேளிக்கை. ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று உயரும் என்பது பலரும் போடும் கணக்கு. அந்தக் கணக்கு எந்த அளவுக்குச் சரியானது என்பதை, வரலாற்றில் நிகழ்ந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

நாம் காணப்போகும் இடம் பிரிட்டன். காலம் 1950ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நாள், வார நடுவில் வரும் ஒரு வேலைநாள். காலை தொடங்கி நள்ளிரவு வரை அந்நாட்டு வானொலி தன் மக்களுக்கு எவ்வகைப் பொழுதுபோக்கினை அளித்தது, அதனை அளித்தவர்கள் எத்துணைப் பொறுப்போடு அளித்தார்கள் என்பதை ஒவ்வொரு வேளையாகப் பார்ப்போம். 1935ஆம் ஆண்டில் நம் நாட்டு ஒலிபரப்புத் துறைக்குத் தலைமை ஏற்று அதனை உருவாக்க வந்த லயனல் ஃபீல்டன் என்பவர், பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி.யில் பணியாற்றியவரே. ஆகவே அக்கழகத்தின் கதை நமக்கு முற்றிலும் அயலான கதை அன்று.

முதலில் நாட்டின் நிலையை அறிந்துகொள்வோம். 1945இல் பிரிட்டன் போரில் வென்றது. ஆயினும், வென்ற நாட்டின் அடுக்களையில் வெற்றியின் அடையாளம் எதனையும் காண முடியவில்லை. போர் நடந்த ஆண்டுகளில்கூடப் பங்கீட்டுக்கு உள்ளாகாத ரொட்டி, போர் முடிந்த மறு ஆண்டில், 1946 ஜூலையில், பங்கீட்டுப் பொருளாயிற்று. ஈராண்டுகள் கழிந்த பின்னரே அந்தக் கட்டுப்பாடு நீங்கிற்று. நாம் பார்க்கும் 1950இல் தேயிலை, சர்க்கரை, வெண்ணெய், இறைச்சி, குழந்தைகளின் மிட்டாய் ஆகிய எல்லாவற்றையும் அளவோடுதான் பெற முடிந்தது. இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் ஒழிந்தது. குண்டுவீச்சில் இடிந்த வீடுகள் பல இன்னும் எழும்பவில்லை. மக்கள் பட்டினி கிடந்தார்கள் என்று சொல்வதற்கில்லை, ஆனால் களைத்திருந்தார்கள். நீண்ட காலம் பல்லைக் கடித்துக்கொண்டு துன்பத்தைத் தாங்கிய ஒரு சமூகம், துன்பம் முடிந்துவிட்டது என்று நம்பிய பிறகும் அதனைத் தொடர்ந்து தாங்க நேர்ந்தபோது உண்டாகும் களைப்பு அது.

இத்தகைய வீடுகளில் அடுப்பங்கரைக்கு அருகிலோ முன்னறையிலோ ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. வால்வுகள் சூடேறிக் குரல் எழும்புவதற்குச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டிய மரப்பெட்டி. அதனை வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு ஒரு பவுன் லைசென்சுக் கட்டணம். அக்கட்டணத்தைச் செலுத்திய குடும்பங்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டவை. தொலைக்காட்சி அந்நாளில் சிறுபான்மையோர் வீட்டில் மட்டுமே இருந்தது. நாட்டுக்குள் ஒலிபரப்பும் உரிமை பெற்றிருந்தது பி.பி.சி. ஒன்றே. அதில் விளம்பரம் கிடையாது. ஆகவே, எந்த வணிகருடைய தயவையும் நாடாமல், நேயர் தந்த பணத்தைக் கொண்டு நேயருக்காகவே நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் வசதியும் கடமையும் அதற்கு இருந்தன.

கழகத்தின் உள்நாட்டு ஒலிபரப்பு மூன்று கிளைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. செய்தி, நாடகம், சொற்பொழிவு, பள்ளி ஒலிபரப்பு ஆகியவற்றைத் தாங்கிய 'ஹோம் சர்வீஸ்' ஒன்று. 1945 ஜூலை 29ஆம் நாள் தொடங்கப்பெற்று, பாட்டும் சிரிப்பும் தொடர்கதையும் வழங்கிய 'லைட் புரோகிராம்' இரண்டாவது. 1946 செப்டம்பர் 29ஆம் நாள் பிறந்து, உயர்ந்த இசையையும் ஆழ்ந்த இலக்கியத்தையும் தத்துவ ஆராய்ச்சியையும் எடுத்துக்கொண்ட 'தேர்ட் புரோகிராம்' மூன்றாவது. இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு கல்விக் கொள்கை இருந்தது. அப்போது தலைமை இயக்குநராக இருந்த வில்லியம் ஹேலி, சமூகத்தின் பண்பாட்டை ஒரு கூர்நுனிக் கோபுரமாக உருவகப்படுத்தினார். அடித்தளம் அகன்றது, உச்சி குறுகியது. லைட் புரோகிராமைக் கேட்பவர் நாளடைவில் ஹோம் சர்வீசுக்கு ஏறுவார், அங்கிருந்து தேர்ட் புரோகிராமுக்கு ஏறுவார் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அதாவது, பொழுதுபோக்கு என்பது கல்விக்கு ஏறும் படிக்கட்டின் முதற்படி. இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி, அந்த நாளுக்குள் செல்வோம்.

காலை ஒன்பது மணி கடந்துவிட்டது. ஆடவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டனர். வீட்டில் கழுவாத பாத்திரங்களும் இல்லத்தரசியும் மட்டுமே எஞ்சியிருக்கின்றனர். அந்நேரத்தில் ஒலிப்பது 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்', அதாவது இல்லத்தரசியர் விருப்பம். 1946இல் தொடங்கிய நிகழ்ச்சி இது. நேயர் ஓர் அஞ்சலட்டையில் தமக்கு வேண்டிய பாட்டை எழுதி அனுப்புவார். அறிவிப்பாளர் அதனைப் படித்து, அனுப்பியவரின் பெயரையும் ஊரையும் கூறி இசைத்தட்டைச் சுழலவிடுவார். இன்று நமக்கு இது மிக எளிய செய்தியாகத் தோன்றும். ஆனால் நாள் முழுவதும் ஒருவரும் பெயர் சொல்லி அழைக்காத ஒரு பெண்ணின் பெயரை நாடு முழுவதும் கேட்கும்படி ஒருவர் உரக்கச் சொல்லுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். அஞ்சலட்டைகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்ததில் வியப்பு உண்டோ?

பத்தரை மணி. இப்போது தொழிற்சாலைகளின் வேளை. 'மியூசிக் வைல் யூ ஒர்க்' என்னும் அரை மணி நேர இசை, போர் உச்சத்தில் இருந்த 1940 ஜூன் 23ஆம் நாள் தொடங்கப்பெற்றது. படைக்கலத் தொழிற்சாலைகளில் நீண்ட நேரம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்த தொழிலாளருக்குச் சோர்வு தெரியாதிருக்கவேண்டும், வேலையும் தடைப்படாதிருக்கவேண்டும் என்பது நோக்கம். போர் முடிந்த பின்னும், ஏற்றுமதியைப் பெருக்கியே பிழைக்கவேண்டிய நிலையில் இருந்த நாட்டில், அந்த இசைக்குத் தேவை குறையவில்லை. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை ஒலித்தது.

இந்த நிகழ்ச்சிக்குத் தயாரிப்பாளர் வகுத்திருந்த விதிகளை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். இசைக்குழு இடைவெளியின்றி, அறிவிப்புகளால் தடைப்படாமல், பாட்டின்பின் பாட்டாக வாசித்துக்கொண்டே போகவேண்டும். தாளம் சீராக இருத்தல் வேண்டும். மெட்டு பழக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். மிக மெல்லிய ஒலி கூடாது. எந்திர இரைச்சலில் அது காதில் விழாது. மிக மெதுவான நடையும் கூடாது. அது தூக்கத்தை வரவழைக்கும். கேட்பவர் கைதட்டத் தோன்றும் பாட்டும் கூடாது. 'டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' என்னும் அமெரிக்கப் பாட்டு ஒன்று இக்காரணத்தாலேயே விலக்கப்பட்டது. அதில் கைதட்டும் இடங்கள் உண்டு. தொழிலாளர் அந்த இடம் வரும்போது கையிலிருந்த கருவியால் எந்திரத்தைத் தட்டிவிட்டால் என் செய்வது? கேட்பவர் எங்கே நிற்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், சுற்றிலும் எவ்வளவு சத்தம் என்பது வரை எண்ணிப் பார்த்து அமைத்த இசை அது.

இங்கே ஒரு தொழில் நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இசைத்தட்டுகளை நினைத்தபடியெல்லாம் ஒலிபரப்பும் உரிமை வானொலிக்கு இல்லை. இசைத்தட்டு நிறுவனங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி வாரத்துக்கு இத்தனை மணி நேரமே தட்டுகளைப் பயன்படுத்தலாம் என்று வரையறை இருந்தது. எனவே, பெரும்பாலான இசையை இசைவாணர்களே நிலையத்துக்கு நேரில் வந்து வாசித்தார்கள். இவ்வரையறையால் நேயருக்குச் சில இழப்புகள் நேர்ந்தன. எனினும் எண்ணற்ற இசைக்குழுக்களுக்கு அது சோறு போட்டது.

நண்பகல் உணவு வேளையில் வானொலி தானே தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. 1941இல் தொடங்கிய 'ஒர்க்கர்ஸ் பிளேடைம்' என்னும் நிகழ்ச்சி, தொழிற்சாலைகளின் உணவுக்கூடங்களிலிருந்தே ஒலிபரப்பாயிற்று. பாடகர் ஒருவர், நகைச்சுவையாளர் ஒருவர், ஒரு பியானோ. தட்டுகளும் கரண்டிகளும் எழுப்பும் ஓசையினூடே நடைபெறும் கச்சேரி. போர்க்காலத்தில் பகைவருக்குத் துப்புக் கிடைத்துவிடக்கூடாது என்பதற்காக ஊர்ப்பெயரை மறைத்து, 'எங்கோ ஒரு தொழிற்சாலை' என்று மட்டும் அறிவித்தார்கள். போருக்குப் பின்னும் இந்த நிகழ்ச்சி 1964 வரை நீடித்தது. உழைப்பவர் அரங்கத்தைத் தேடி வர இயலாதபோது அரங்கம் உழைப்பவரைத் தேடிச் செல்லுதல் முறையே அல்லவா?

பிற்பகல் ஒன்றேமுக்கால் மணி. தாயும் சிறு குழந்தையும் பெட்டியின் அருகில் வந்து அமர்கிறார்கள். 1950 ஜனவரியில் தொடங்கிய 'லிசன் வித் மதர்', பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளுக்கென்றே அமைந்தது. கால் மணி நேரம், சில குழந்தைப் பாட்டுகள், ஒரு கதை. கதை தொடங்குமுன் கதைசொல்லி, வசதியாக உட்கார்ந்துகொண்டீர்களா என்று குழந்தைகளைப் பார்த்துக் கேட்பார். அதன்பிறகே கதையை ஆரம்பிப்பார். அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர் ஜூலியா லாங் என்னும் அம்மையார். பின்னர் அது அந்நாட்டு மக்களின் அன்றாடப் பேச்சிலேயே கலந்துவிட்டது. கேட்பவர் ஆயத்தமான பின்னரே சொல்பவர் தொடங்கவேண்டும் என்னும் பாடத்தை, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பல வாரங்கள் கற்பித்தார்கள். அந்த அம்மையார் அதனை ஒரே வினாவில் அடக்கிவிட்டார்.

இரண்டு மணிக்கு 'விமன்ஸ் அவர்' என்னும் மகளிர் நிகழ்ச்சி. 1946 அக்டோபர் 7ஆம் நாள் இது தொடங்கியபோது இதனை நடத்தியவர் ஓர் ஆடவர் என்பது நகைப்புக்கு இடமான செய்தி. சமையலும் தையலும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று தொடக்கத்தில் எண்ணியவர்களுக்கு, நேயர் எழுதிய கடிதங்களே பாடம் கற்பித்தன. விரைவிலேயே பெண்களே நடத்தும் நிகழ்ச்சியாயிற்று. பெண்களின் உடல்நலம் குறித்து அதுவரை எவரும் பலர் அறியப் பேசாத செய்திகளையும் 1940களின் இறுதியிலேயே அது எடுத்துப் பேசியது.

மாலை நான்கு மணி அளவில் 'மிஸஸ் டேல்ஸ் டைரி' என்னும் தொடர் நாடகம். 1948 ஜனவரியில் தொடங்கியது. லண்டன் மாநகரின் புறப்பகுதி ஒன்றில் வாழும் மருத்துவர் ஒருவருடைய மனைவி, தம் குடும்பத்தின் அன்றாட நிகழ்ச்சிகளை நாட்குறிப்பாகக் கூறுவதாக அமைந்தது. பெரிய சம்பவங்கள் ஒன்றும் இல்லை. மகனைப் பற்றிய கவலை, மகளைப் பற்றிய கவலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கணவர் ஜிம்மைப் பற்றிய கவலை. மாலையில் கேட்க இயலாதவருக்காக மறுநாள் முற்பகலில் மீண்டும் ஒலித்தது. ஐந்து மணிக்கு ஹோம் சர்வீசில் சிறுவர் நிகழ்ச்சி. அதனைப் பல ஆண்டுகள் நடத்திய டெரெக் மக்கல்லக் என்பவரைக் குழந்தைகள் 'மாமா மாக்' என்றே அழைத்தனர். முதல் உலகப் போரில் ஒரு கண்ணையும், பின்னர் ஒரு விபத்தில் ஒரு காலையும் இழந்தவர் அவர். அந்தக் குரலைக் கேட்டு மகிழ்ந்த சிறுவர்க்கு இவ்விழப்புகளின் நிழல்கூடத் தெரிந்ததில்லை.

ஆறேமுக்கால் மணி. இப்போது தெருக்களில் விளையாடும் பையன்களைக் காணோம். துள்ளிப் பாயும் குதிரையைப் போன்ற ஓர் இசை முழங்க, 'டிக் பார்ட்டன்' என்னும் துப்பறிவாளர் தோன்றுகிறார். 'விமன்ஸ் அவர்' தொடங்கிய அதே நாளில் தொடங்கிய தொடர் இது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குக் கால் மணி நேரம். ஒவ்வொரு நாளும் வீரர் தப்பவே முடியாத ஆபத்தில் சிக்கிய இடத்தில் கதை நிற்கும். கேட்டவர் ஒன்றரைக் கோடிப் பேர் என்று கணக்கிட்டார்கள். பையன்கள் வீட்டுப்பாடத்தை மறந்துவிடுகிறார்கள் என்று பெற்றோரும், மனத்தில் வன்முறை ஏறுகிறது என்று பெரியவர்களும் முறையிட்டனர். முறையீட்டைக் கேட்ட கழகம் வீரருக்கு ஒழுக்க விதிகளை வகுத்துக் கொடுத்தது. அவர் உடல் வலிமையைப் போலவே அறிவு வலிமையையும் நம்பவேண்டும். அமைதியான வழிகள் பயன்படாதபோதே கையை ஓங்கவேண்டும். நோக்கம் எவ்வளவு நல்லதாயினும் சட்டத்தை மீறும் குற்றத்தைச் செய்தல் ஆகாது. வசைச்சொல் வீரன் வாயிலிருந்து மட்டுமல்ல, வில்லன் வாயிலிருந்தும் வரலாகாது. வசைமொழி அறியாத வில்லனைப் படைப்பது எழுத்தாளருக்கு எளிதாகவா இருந்திருக்கும்!

இந்தத் தொடரின் முடிவு மேலும் சுவையானது. 1948இல் பர்மிங்ஹாம் நகரில் வானொலிக்காரர்களும் வேளாண் மக்களும் கூடி ஒரு கூட்டம் நடத்தினர். உணவு விளைச்சலைப் பெருக்கும் புதிய முறைகளை உழவரிடம் எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்பது கேள்வி. சொற்பொழிவுகளால் பயன் விளையவில்லை. அப்போது ஹென்றி பர்ட் என்னும் விவசாயி எழுந்து, உழவருக்கு வேண்டியது வேளாண்மை பேசும் ஒரு டிக் பார்ட்டன் என்று சொன்னார். முதலில் சிரித்தவர்கள் பின்னர் சிந்தித்தார்கள். காட்ஃப்ரி பேஸ்லி என்பவர் அக்கருத்தை எடுத்துக்கொண்டு, ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைக் கிராமத்தில் வாழும் ஆர்ச்சர் குடும்பத்தின் கதையை உருவாக்கினார். டிக் பார்ட்டனுக்குக் கதை எழுதிய எட்வர்டு மேசனும் ஜெஃப்ரி வெப்பும் இதற்கும் எழுதினர். 1950 மே மாதத்தில் ஒரு வாரம் மத்திய வட்டாரத்தில் வெள்ளோட்டம் பார்த்தனர். 1951 ஜனவரி முதல் நாளிலிருந்து நாடு முழுவதும் ஒலித்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் டிக் பார்ட்டன் விடைபெற்றார். அவருடைய ஆறேமுக்கால் மணியை ஆம்பிரிட்ஜ் கிராமத்து உழவர்கள் பெற்றுக்கொண்டனர். 'தி ஆர்ச்சர்ஸ்' என்னும் அத்தொடர் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆக, நம்முடைய 1950 நவம்பர் நாளில், பையன்கள் தங்கள் வீரனை இழக்க இன்னும் நான்கே மாதங்கள்தாம் இருந்தன என்பதை அறியாமலேயே பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தனர்.

இரவு வந்துவிட்டது. நாள் முழுவதும் பிரிந்திருந்த குடும்பம் ஒரே அறையில் கூடுகிறது. நிலக்கரி குறைவாகையால் ஓர் அறையில்தான் கணப்பு எரிகிறது. இரவு நிகழ்ச்சிகள் கிழமைக்குக் கிழமை மாறும். ஓரிரவு, பொருளின் பெயரை இருபது வினாக்களுக்குள் கண்டுபிடிக்கும் 'டுவென்டி குவெஸ்டியன்ஸ்'. ஓரிரவு, ஃபிராங்க் மியூரும் டெனிஸ் நார்டனும் எழுதிய 'டேக் இட் ஃப்ரம் ஹியர்' என்னும் நகைச்சுவை. மற்றோரிரவு, அவ்வாண்டு ஜூனில் தொடங்கிய 'எஜுகேட்டிங் ஆர்ச்சி'. இது பீட்டர் பிரௌ என்பவர் தம் மரப்பொம்மையைப் பேசவைக்கும் நிகழ்ச்சி. வாய் அசையாமல் பேசும் கலையைக் கண்ணால் காணமுடியாத வானொலியில் வழங்கினார்கள். கோடிக்கணக்கான மக்கள் அந்தப் பொம்மையை ஓர் உயிருள்ள பையனாகவே ஏற்றுக்கொண்டார்கள். கேட்பவனுடைய கற்பனைக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இவற்றினும் நம் கவனத்துக்கு உரியது 'ஹேவ் எ கோ' என்னும் வினா விடை நிகழ்ச்சி. இதனை நடத்திய வில்ஃபிரட் பிக்கிள்ஸ், யார்க்ஷயர் நாட்டுப்புறப் பேச்சு வழக்கை உடையவர். போர்க்காலத்தில் அவரைத் தேசியச் செய்தி வாசிக்க அமர்த்தியபோது, வடநாட்டு ஒலியில் செய்தி கேட்பதா என்று சிலர் சினந்தனர். லண்டன் கற்றோரின் உச்சரிப்பு ஒன்றே வானொலிக்குத் தகுதியானது என்பது அக்கால நம்பிக்கை. அதே பிக்கிள்ஸ் 1946 முதல் ஊர் ஊராகச் சென்று, சிற்றூர்ப் பொதுக்கூடங்களில் சுரங்கத் தொழிலாளியையும் நெசவாலைப் பெண்ணையும் முதிய பாட்டியையும் ஒலிவாங்கியின் முன் நிறுத்தி, அவர்கள் வாழ்க்கைக் கதையை அவர்கள் மொழியிலேயே பேசவைத்தார். கேள்விகள் எளியவை. பரிசுத் தொகை முப்பத்தெட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். யாரையும் தோற்கவிடுவது அவருடைய நோக்கம் அன்று. இருந்தும், அந்த நிகழ்ச்சியை இரண்டு கோடிப் பேர் வரை கேட்டார்கள். சாதாரண மனிதரின் சாதாரணக் குரல் கேட்கத் தகுந்தது என்று ஒரு நாட்டுக்கு மெய்ப்பித்துக் காட்டியது, எந்தப் பேரறிஞரின் சொற்பொழிவும் அன்று; கேளிக்கை என்று ஒதுக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியே.

அந்த 1950ஆம் ஆண்டில் ஒரு குரல் மட்டும் இல்லை. 'இட்மா' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியின் தலைவர் டாமி ஹேண்ட்லியின் குரல் அது. 1939இல் தொடங்கிப் போர்க்காலம் முழுவதும் மக்களைச் சிரிக்கவைத்தது இட்மா. அதில் வந்த துப்புரவுப் பெண் மிஸஸ் மாப், எதனைக் கேட்டாலும் மது அருந்த அழைப்பதாகவே பொருள்கொள்ளும் கர்னல் சின்ஸ்டிராப், துயரமே உருவான சலவைக்காரி மோனா லாட் ஆகியோரின் பேச்சை மக்கள் தெருவிலும் கடையிலும் திருப்பிச் சொல்லிச் சிரித்தனர். கட்டுப்பாடுகளையும் அரசாங்க அலுவலகங்களையும் அது கேலி செய்தது. அரசும் அதனைப் பொறுத்துக்கொண்டது. 1949 ஜனவரி 9ஆம் நாள் ஹேண்ட்லி திடீரென இறந்தார். அவரோடு அந்த நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டார்கள். அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காண மக்கள் தெருவோரங்களில் திரண்டனர். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடைபெற்றது. அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் உரிய இடத்தில் ஒரு நகைச்சுவையாளருக்கு நினைவு வழிபாடு! துன்பம் வரும் வேளையில் சிரிக்கச் சொன்ன வள்ளுவரின் வழிவந்த நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

இரவு பதினொரு மணி. 1949இல் தொடங்கிய 'எ புக் அட் பெட்டைம்' நிகழ்ச்சியில், ஒருவர் அமைதியான குரலில் ஒரு நாவலின் பகுதியைப் படிக்கிறார். பிறகு பெட்டியை அணைக்கிறார்கள். நாள் முடிகிறது.

இந்த நாளிலிருந்து நாம் அறியத்தக்கவை யாவை?

முதலாவது, உழைப்பு. மக்களைச் சிரிக்கவைப்பது விளையாட்டான வேலை என்று அந்நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர் எண்ணவில்லை. 1940களின் இறுதியில் நகைச்சுவை எழுத்தாளருக்கென்று கழகம் ஒரு கையேடு வெளியிட்டது. பச்சை நிற அட்டை உடையதாகையால் அதனைப் 'பச்சைப் புத்தகம்' என்பர். அதன் தடைகளில் பல இன்று நமக்கு வேடிக்கையாகத் தோன்றும். முயல்களின் இயல்பைப் பற்றிக்கூடச் சிலேடையாகப் பேசக்கூடாது! ஆயினும், அதே கையேடு உடற்குறை உடையோரைக் கேலி செய்தல் கூடாது என்றும் கூறியது. அத்தகைய கேலி, நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் எவ்வளவு துன்பம் தரும் என்பதை அது நினைவூட்டியது. சிரிப்பு யாரைப் புண்படுத்துகிறது என்று கேட்கும் பழக்கம் எந்தக் காலத்திலும் பழையதாகிவிடாது.

இரண்டாவது, குறைகள். அந்த நாளைப் பொற்காலம் என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுதல் நேர்மை ஆகாது. அந்தக் கால அட்டவணை, பெண்ணின் இடம் அடுக்களை என்னும் எண்ணத்தின் மேல் எழுப்பப்பட்டது. 1948 ஜூனில் 'எம்பயர் வின்ட்ரஷ்' கப்பலில் வந்திறங்கிய மேற்கிந்தியத் தீவு மக்களும், அவர்களைப் போன்ற பிறரும், அந்நாட்டின் உழைப்பில் பங்கு பெற்றிருந்தும், அந்நாட்டின் சிரிப்பில் பங்கு பெறவில்லை. உள்நாட்டு நிகழ்ச்சிகளில் அவர்கள் குரல் அரிதாகவே ஒலித்தது. மக்களை ஒன்றுசேர்த்த அந்த அறைக்கு வெளியேயும் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தனர்.

மூன்றாவது, ஹேலியின் படிக்கட்டு. முன்பே கூறியபடி இதற்குத் திரும்பி வருகிறேன். அவர் எதிர்பார்த்த ஏற்றம் நிகழவில்லை. லைட் புரோகிராமின் நேயர் பெரும்பாலும் அங்கேயே இருந்தனர். தேர்ட் புரோகிராமின் நேயர் தொகை சிறியதாகவே இருந்தது. 1957இல் அதன் நேரமும் குறைக்கப்பட்டது. 1947 பிப்ரவரியில் கடுங்குளிரும் நிலக்கரிப் பஞ்சமும் நாட்டை வாட்டியபோது தொலைக்காட்சியையும் தேர்ட் புரோகிராமையும் சிறிது காலம் நிறுத்திவைத்தனர். லைட் புரோகிராமை நிறுத்தவில்லை. உயர்ந்தது எது என்னும் கேள்விக்கு விடை எதுவாயினும், இன்றியமையாதது எது என்னும் கேள்விக்கு அந்தக் குளிர்காலம் விடையளித்துவிட்டது.

இதனால் ஹேலியின் உழைப்பு வீணாயிற்று என்று சொல்லலாமா? நான் அவ்வாறு கருதவில்லை. படிக்கட்டு என்னும் உவமைதான் பொருந்தவில்லை. ஏறிச் செல்வதற்காக மட்டும் அமைந்த படியில் எவரும் நின்று இளைப்பாறுவதில்லை. ஆனால் நாள் முழுதும் நின்று உழைத்தவருக்கு முதலில் வேண்டியது, உட்காருவதற்கு ஒரு திண்ணை. லைட் புரோகிராம் அத்தகைய திண்ணையாக இருந்தது. அந்தத் திண்ணையில் அமர்ந்தவாறே உழவர் வேளாண்மையைக் கற்றனர். பெண்கள் தம் உடலைப் பற்றி அறிந்தனர். தென்னாட்டார் வடநாட்டார் பேச்சை மதிக்கப் பழகினர். கல்விக்கு ஏற்றிவிடும் கருவியாக எண்ணித் தொடங்கிய பொழுதுபோக்கு, தன் வேலையைச் செம்மையாகச் செய்தபோது, தானே கல்வியாகவும் அமைந்துவிட்டது.

அந்த உலகம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1953 ஜூன் 2ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் தொலைக்காட்சியில் கண்டனர். 1955 செப்டம்பர் 22ஆம் நாள் விளம்பரத் தொலைக்காட்சி தொடங்கிற்று. அதே இரவில் 'தி ஆர்ச்சர்ஸ்' தொடரின் இளம்பெண் கிரேஸ் தீ விபத்தில் இறந்ததாகக் கதை அமைத்து, வானொலி தன் நேயரைத் தன்பால் நிறுத்திக்கொள்ள முயன்றது. நாடே அழுதது உண்மை. ஆயினும் காலத்தின் ஓட்டம் நிற்கவில்லை. 1967 செப்டம்பர் மாத இறுதியோடு லைட் புரோகிராம் என்னும் பெயர் மறைந்தது. 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்', 'மியூசிக் வைல் யூ ஒர்க்' ஆகிய இரண்டும் அந்த ஆண்டோடு முடிவுற்றன.

மாணவ மாணவியரே! இன்று உங்கள் கைக்குள் அடங்கும் ஒரு கருவி, அந்த மரப்பெட்டியைப் போல ஆயிரம் மடங்கு பொழுதுபோக்கினைத் தருகிறது. அதனை விட்டொழியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். ஒரு கேள்வியை மட்டும் உங்களிடம் விட்டுச்செல்கிறேன். ஒரு நிகழ்ச்சியைக் கேட்கும்போதோ காணும்போதோ, இதனைத் தயாரித்தவர் என்னை நினைத்துத் தயாரித்தாரா, என் நேரத்தையும் என் நிலையையும் மதித்தாரா என்று கேட்டுப்பாருங்கள். எந்திரத்தின் முன் நின்ற தொழிலாளியின் கையில் இருந்த கருவியை நினைத்து ஒரு பாட்டை விலக்கிவைத்தார்களே, அத்தகைய அக்கறை அதில் தென்படுகிறதா என்று பாருங்கள். தென்பட்டால், நன்றாகச் சிரியுங்கள். அந்தப் பொழுது வீண்போகாது. நாளை உங்களுள் சிலர் எழுத்தாளராகவும் இசைவாணராகவும் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகவும் வருவீர்கள். அப்போது கேட்பவர் வசதியாக அமர்ந்துவிட்டாரா என்று ஒரு கணம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.